மெயில் போகவில்லை, காலண்டர் ஒன்றரை மணி நேரம் தள்ளிக் காட்டுகிறது: கீழக்கரைத் தம்பிக்கு ஒரு பதில்

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்விக்கு இந்தப் பதில். நண்டும் கணவாயும் வாங்கிப் பெட்டி கட்டி அனுப்பும் ஆபீசில் கணக்கு வழக்கு பார்க்கிறார். துபாயிலிருந்து லீவில் வந்த அவருடைய காக்கா (அண்ணன்) விட்டுச் சென்ற லேப்டாப், அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட், மெயிலுக்குத் தண்டர்பேர்ட் என்ற மென்பொருள். மெயில் கணக்கு இரண்டு. ஒன்று அவருடைய ஜிமெயில். காக்காதான் 16 எழுத்து ஏதோ ஒன்றைப் போட்டு அமைத்துக் கொடுத்தாராம். இன்னொன்று ஆபீஸ் டொமைனோடு (ஆபீசின் சொந்த இணையப் பெயரோடு) கிடைத்த மெயில், பாப் முறையில் இறங்குகிறது.

அவர் சொல்லும் குறைகள் இவை. போன மாதம் ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றியதிலிருந்து தண்டர்பேர்ட் திரும்பத் திரும்பப் பாஸ்வேர்ட் கேட்கிறது, புதியதைக் கொடுத்தாலும் ஏற்க மறுக்கிறது. ஆபீஸ் மெயில் வருகிறது, ஆனால் இப்போது போவதில்லை. முன்பு போனபோதும் சரக்கு வாங்குபவர்களுக்கு ஜிமெயில் முகவரியிலிருந்துதான் போயிருக்கிறது. காலண்டரில் போட்டதில் சில போனுக்கு வரவே இல்லை. வருவதும் தள்ளி வருகிறது, 11 மணிக்குப் போட்டால் போனில் 12:30. காக்கா அனுப்பும் மீட்டிங் அழைப்புகளோ லேப்டாப்பில் ஒன்றரை மணி நேரம் முந்திக் காட்டுகின்றன. தெரிந்தவர் ஒருவர் "கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகப் போடு, இல்லையென்றால் எவல்யூஷன் என்ற வேறு மெயில் மென்பொருளுக்கு மாறிவிடு" என்று சொல்லியிருக்கிறார். செய்யலாமா என்பது கேள்வி.

தம்பி, அழிக்காதீர்கள். உங்கள் நான்கு குறைக்கும் அழிக்க வேண்டிய தேவையே இல்லை. அதிலும் ஆபீஸ் கணக்கு பாப் முறையில் இருக்கிறது. பாப், ஐமேப் இரண்டும் மெயிலை எடுத்துவரும் முறைகள். ஐமேப் என்றால் மெயில் சர்வரில் (மெயில் நிறுவனத்தின் கணினியில்) இருக்கும், உங்கள் லேப்டாப்பில் இருப்பது அதன் நகல். பாப் அப்படியில்லை. மெயிலை இறக்கிக்கொண்டு, கொஞ்ச நாளில் சர்வரிலிருந்து எடுத்துவிடும். தண்டர்பேர்டில் பாப் கணக்கின் சர்வர் அமைப்பைத் திறந்து பாருங்கள், 'சர்வரிலேயே விட்டுவை, அதிகபட்சம் 14 நாள்' என்கிற மாதிரி டிக் இருக்கும். அதாவது 14 நாளுக்கு முந்தைய ஆபீஸ் மெயில் முழுவதும் இந்த உலகத்தில் அந்த ஒரு லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கிறது. கணக்கை நீக்கும்போது வரும் பெட்டியில் மெயில்களையும் நீக்கவா என்று ஒரு வரி இருக்கும். அவசரத்தில் அதையும் டிக் செய்தால் தீர்ந்தது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். பல வருஷங்களுக்கு முன்னால் தொண்டிப் பக்கம் ஓர் ஐஸ் கம்பெனியில் மெயில் போகவில்லை என்று கூப்பிட்டார்கள். இதே போல் பாப் கணக்கு. "புதிதாகப் போட்டுவிடலாம்" என்று நானே அந்த டிக்கைப் போட்டு நீக்கினேன். மூன்று வருஷத்து பில், வங்கியோடு நடந்த கடிதப் போக்குவரத்து எல்லாம் போனது. அந்த முதலாளி என்னைத் திட்டவில்லை, பேசாமல் உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் எங்கே போனாலும் முதல் வேலை நகல் எடுப்பதுதான்.

நகல் எடுப்பது எளிது. தண்டர்பேர்டில் ஹெல்ப் மெனுவில் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் என்று இருக்கும். அதைத் திறந்தால் புரொஃபைல் ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று ஒரு வரியும், பக்கத்தில் அதைத் திறக்க ஒரு பட்டனும் வரும். ஃபோல்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, தண்டர்பேர்டை முழுசாக மூடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த நகலை நம்ப முடியாது. இப்போது ஒரு படி மேலே போய் அந்தப் புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே வெளி டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். மெயில், முகவரிப் புத்தகம், காலண்டர், சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் அதற்குள் அடக்கம். பென் டிரைவில் போடுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. பழைய ஃபேட்32 வடிவில் இருக்கும் பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. தண்டர்பேர்ட் வழக்கமாக ஒரு ஃபோல்டரின் மெயில் அத்தனையையும் ஒரே கோப்பாகத்தான் வைக்கிறது. நண்டுப் பெட்டி போட்டோக்கள் குவிந்த இன்பாக்ஸ் 4 ஜிபியைத் தாண்டியிருக்க வாய்ப்பு உண்டு. காப்பி பாதியில் நின்றதைக் கவனிக்காமல் விட்டுவிடக்கூடாது.

சரி, இப்போது கடிகாரம். மெயில் கேள்விக்குக் கடிகாரத்தில் தொடங்குகிறேனே என்று நினைக்க வேண்டாம். ஒன்றரை மணி நேரம் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததுமே பாதி விஷயம் புரிந்துவிட்டது. இந்திய நேரத்துக்கும் துபாய் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் சரியாக ஒன்றரை மணி. லேப்டாப் துபாயில் இருந்தது. அங்கே நேர மண்டலம் துபாய் என்று வைத்திருப்பார்கள். இங்கே வந்ததும் திரையில் மணி தவறாகத் தெரிந்திருக்கும். யாரோ ஒருவர், நீங்களாகவும் இருக்கலாம், இணையத்திலிருந்து நேரம் எடுக்கும் வசதியை அணைத்துவிட்டு, முள்ளைக் கையால் ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளியிருக்கிறார். திரையில் மணி இப்போது சரி. ஆனால் லேப்டாப் இன்னமும் தன்னை துபாயில்தான் வைத்துக்கொண்டிருக்கிறது.

நான் ஊகித்துச் சொல்கிறேனா, உண்மையா என்று நீங்களே பார்த்துவிடலாம். சென்ட் ஃபோல்டரில் நீங்கள் அனுப்பிய ஏதாவது ஒரு மெயிலைத் திறந்து கன்ட்ரோலும் யு எழுத்தும் சேர்த்து அழுத்துங்கள். மெயிலின் மூல வடிவம் வரும். மேல்பகுதியில் டேட் என்று ஒரு வரி. அதில் தேதி, மணி, நிமிடம், நொடி, அதற்குப் பிறகு கூட்டல் குறியோடு நான்கு இலக்கம். +0530 என்று இருந்தால் நம் ஊர். +0400 என்று இருந்தால் துபாய். நீங்கள் காலை 11 மணிக்கு அனுப்பிய மெயிலில் 11:00:00 +0400 என்று இருக்கும் என்று நினைக்கிறேன். அதைப் படிக்கிற மென்பொருளுக்கு அது இந்திய நேரம் 12:30. வாங்குபவர் அந்த வரியை நம்பும் மென்பொருளில் பார்த்தால், 11 மணிக்கே 12:30 மணியிட்ட மெயில் அவர் முன்னால் கிடக்கும். விலை பேசும்போது யார் முதலில் சொன்னது என்ற தகராறு வந்தால் இது சின்ன விஷயம் இல்லை.

காலண்டரிலும் இதே கணக்குதான். நீங்கள் 11 மணி என்று போடுகிறீர்கள். லேப்டாப் அதை துபாய் 11 மணி என்று எழுதிக்கொள்கிறது. போன் இந்தியாவில் இருப்பதால் 12:30 என்று சரியாகத்தான் மாற்றிக் காட்டுகிறது. காக்கா அங்கே 9:30-க்கு மீட்டிங் வைத்தால் நமக்கு 11 மணி. லேப்டாப் அதை 9:30 என்றே காட்டும், அலாரமும் நம் 9:30-க்கே அடிக்கும். போனில் எந்தக் குறையும் இல்லை, கூகுளிலும் இல்லை.

திருத்துவதற்கு இரண்டு இடம். முதலில் மின்ட்டின் சிஸ்டம் செட்டிங்ஸில் தேதி-நேரம் பகுதி. நேர மண்டலத்தை ஆசியா, கொல்கத்தா என்று மாற்றுங்கள். இணைய நேரத்தைப் பயன்படுத்தும் பட்டனை இயக்குங்கள். இரண்டையும் செய்ய வேண்டும். மண்டலத்தை மட்டும் மாற்றினால், கையால் தள்ளிய ஒன்றரை மணியும் சேர்ந்து மணி இன்னும் முன்னே ஓடிவிடும். அடுத்து தண்டர்பேர்டின் அமைப்புகளில் காலண்டர் பகுதி. அங்கே தனியாக ஒரு நேர மண்டலம் இருக்கிறது. அதுவும் துபாயில் நின்றிருக்கலாம். மாற்றிவிட்டு தண்டர்பேர்டை மூடித் திறங்கள்.

திறந்ததும் ஒன்று நடக்கும், பதற வேண்டாம். நீங்கள் முன்பு 11 மணி என்று போட்டவை எல்லாம் லேப்டாப்பிலும் 12:30-க்குத் தாவியிருக்கும். அவை துபாய் 11 என்றே எழுதப்பட்டவை. இப்போதுதான் உண்மை தெரிகிறது. காக்கா அனுப்பிய அழைப்புகள் மட்டும் சரியான மணிக்கு வந்து உட்கார்ந்திருக்கும். நீங்கள் போட்டவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து மணியை மாற்றுங்கள். வாராவாரம் திரும்ப வருபவற்றை ஒரு தடவை, 'எல்லா நிகழ்வுகளுக்கும்' என்று சொல்லி மாற்றினால் போதும்.

மற்றவர்களுக்காக இன்னும் இரண்டு கடிகாரக் கோளாறுகளையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்தால் ஐந்தரை மணி நேரம் தவறும். கணினியின் உள் கடிகாரத்தில் உலகப் பொது நேரம் இருப்பதாக லினக்ஸ் நினைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். ஒன்று எழுதியதை மற்றது தப்பாகப் படிக்கிறது. இன்னொன்று, நம் கடற்கரையில் நான் அடிக்கடி பார்ப்பது. மதர்போர்டில் காசு மாதிரி ஒரு சின்ன பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்று பெயர். மண்டபம், பாம்பன் பக்கம் கதவைத் திறந்து வைத்தே வேலை பார்க்கும் கடைகளில், உப்புக்காற்றில் அந்தப் பேட்டரியின் தகட்டில் பச்சை பூத்திருக்கும். அது செத்துப்போனால் ஒவ்வொரு தடவை மின்சாரம் போய் வரும்போதும் கணினி பல வருஷம் பின்னால் போய்விடும். சர்வர் தன் அடையாளமாகக் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் 'இன்னும் அமலுக்கு வரவில்லை' என்று ஆகி, மெயில் மட்டுமல்ல, இணையதளங்களும் திறக்காது. பாஸ்வேர்டை எத்தனை தடவை மாற்றினாலும் பயன் இல்லை. ஒரு பேட்டரி மாற்றினால் முடிந்தது.

அடுத்தது ஜிமெயில். காக்கா போட்ட அந்த 16 எழுத்துக்குப் பெயர் ஆப் பாஸ்வேர்ட். சாதாரண கணக்குகளில் வெறும் பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு வெளி மென்பொருள் உள்ளே நுழைவதை கூகுள் 2022 மே 30-க்குப் பிறகு நிறுத்திவிட்டது. அதற்கு மாற்றாக, இரண்டு கட்டச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்பது) போட்ட கணக்குகளுக்கு மட்டும் இப்படி ஒரு தனிச் சொல்லைக் கொடுக்கிறது. கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால் அந்த ஆப் பாஸ்வேர்ட் தானாகவே செல்லாமல் போய்விடும். போன மாதம் நடந்தது இதுதான். புதிய பாஸ்வேர்டை நேராகக் கொடுத்தால் ஏற்காததும் இதனால்தான்.

இன்னொரு 16 எழுத்து வாங்கிப் போட்டாலும் வேலை நடக்கும். ஆனால் நான் அதைச் சொல்ல மாட்டேன். ஓஆத்2 என்கிற முறைக்கு மாறிவிடுங்கள். அதில் தண்டர்பேர்ட் உங்கள் பாஸ்வேர்டைப் பார்ப்பதே இல்லை. கூகுளின் ஜன்னல் திறக்கும், நீங்கள் அங்கே நுழைந்து அனுமதி கொடுப்பீர்கள், தண்டர்பேர்டுக்கு ஒரு சாவி மட்டும் கிடைக்கும். செய்ய வேண்டியது: ஜிமெயில் கணக்கின் சர்வர் அமைப்பில் போர்ட் (சர்வரின் வாசல் எண்) 993, பாதுகாப்பு எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் (வழியில் யாரும் படிக்காமல் பூட்டி அனுப்பும் முறை), சரிபார்ப்பு முறை ஓஆத்2. கணக்குப் பட்டியலின் அடியில் வெளிச்செல்லும் சர்வர் என்று தனியாக ஒரு பகுதி இருக்கிறது. அங்கே ஜிமெயிலுக்கு உரியதைத் திறந்து போர்ட் 465, அதே பாதுகாப்பு, அதே ஓஆத்2. பலர் முதல் இடத்தை மாற்றிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். அப்புறம் அமைப்புகளில் தனியுரிமை, பாதுகாப்பு பகுதிக்குப் போய்ச் சேமித்த பாஸ்வேர்டுகளில் ஜிமெயிலுக்கான பழைய வரிகளை நீக்குங்கள். அதே பக்கத்தில் குக்கீ (இணையதளங்கள் கணினியில் விட்டுவைக்கும் சின்னக் குறிப்பு) ஏற்பது இயக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். அணைந்திருந்தால் கூகுள் ஜன்னல் வந்து வெள்ளையாகவே நிற்கும் அல்லது சுற்றிச் சுற்றி முதல் பக்கத்துக்கே வரும். இதில் ஒரு நாள் முழுக்கத் தொலைத்தவர்களைத் தெரியும்.

அவுட்லுக், ஹாட்மெயில் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். மைக்ரோசாஃப்ட் தன் சாதாரணக் கணக்குகளில் 2024 செப்டம்பர் 16-ல் வெறும் பாஸ்வேர்ட் முறையை நிறுத்தியது. அங்கேயும் ஓஆத்2 போட வேண்டும்.

ஆபீஸ் மெயில் ஏன் போகவில்லை? மெயில் வருவதும் போவதும் இரண்டு தனி வழி. வருவதற்கு ஒரு சர்வர், போவதற்கு ஒரு சர்வர். தண்டர்பேர்ட் போகும் சர்வர்களைத் தனிப் பட்டியலாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கணக்குக்கும் 'இது இந்த வழியாகப் போகட்டும்' என்று குறித்து வைக்கிறது. முதலில் அமைத்த சர்வர் இயல்பானதாக நின்றுவிடும். உங்கள் லேப்டாப்பில் முதலில் போட்டது ஜிமெயில். ஆபீஸ் கணக்கைப் பிறகு சேர்த்தபோது போகும் வழி ஜிமெயிலாகவே இருந்திருக்கிறது. முன்பு ஆபீஸ் மெயில் ஜிமெயில் சர்வர் வழியாகப் போனது. ஜிமெயில் தனக்குத் தெரியாத முகவரியை அனுப்புநராக ஏற்காது, உங்கள் ஜிமெயில் முகவரியாக மாற்றிவிடும். வாங்குபவர் பார்த்தது அதைத்தான். இப்போது ஜிமெயிலே கதவைச் சாத்திவிட்டதால் ஆபீஸ் மெயிலும் போகவில்லை. உங்கள் முதல் இரண்டு குறைக்கும் வேர் ஒன்று.

ஜிமெயிலைச் சரிசெய்தால் ஆபீஸ் மெயிலும் போகத் தொடங்கும். அதோடு விட்டுவிடாதீர்கள். அது தவறான வழியில்தான் போகும். டொமைன் விற்ற நிறுவனம் கொடுத்த விவரத்தில் வெளிச்செல்லும் சர்வர் பெயர் இருக்கும். அதைப் புதிதாகச் சேர்த்து, போர்ட் 465 என்றால் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ் என்று வையுங்கள். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் பிழை எதுவும் சொல்லாமல் நெடுநேரம் சுற்றிவிட்டு நேரம் முடிந்தது என்று நிற்கும். பழைய குறிப்புகளில் 25 என்று போட்டிருப்பார்கள். அதை வேண்டாதவர்கள் குப்பை மெயில் அனுப்பப் பயன்படுத்துகிறார்கள் என்று இணைய நிறுவனங்கள் பல அடைத்து வைத்திருக்கின்றன, தொடாதீர்கள். பயனர் பெயராக முழு முகவரியையும் கொடுங்கள். பிறகு ஆபீஸ் கணக்கின் முதல் பக்கத்தின் அடியில் போகும் சர்வராக இதைத் தேர்ந்தெடுங்கள். இந்தக் கடைசிப் படியைச் செய்யாவிட்டால் சேர்த்த சர்வர் சும்மா கிடக்கும்.

சர்வர் பெயரில் இன்னொரு சிக்கல் வரலாம். உங்கள் டொமைன் பெயருக்கு முன்னால் மெயில் என்று சேர்த்து எழுதியதை அமைத்திருப்பார்கள். ஆனால் ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான டொமைன்கள் குடியிருக்கும் இடங்களில், அது காட்டும் சான்றிதழில் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கும். தண்டர்பேர்ட் 'பெயர் பொருந்தவில்லை' என்று எச்சரிக்கும். விதிவிலக்கு கொடுத்து உள்ளே போகாதீர்கள். நிறுவனத்திடம் சான்றிதழில் உள்ள சர்வர் பெயரைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். விதிவிலக்குக்குப் பழகிய கை, நாளைக்கு உண்மையிலேயே நடுவில் ஒருவன் நுழைந்தாலும் அதே பட்டனைத்தான் அழுத்தும். பண விஷயம் பேசும் மெயில் இது.

எல்லாம் சரியாக இருந்தும் போகவில்லை என்றால் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை அதில் இணைத்து அனுப்பிப் பாருங்கள். போனது என்றால் குறை உங்கள் பிராட்பேண்ட் வழியில். போகவில்லை என்றால் அமைப்பிலோ சர்வரிலோ. இரண்டு நிமிஷ வேலை, பாதித் தேடலை மிச்சப்படுத்தும். போட்டோ இணைத்தது மட்டும் போகவில்லை என்றால் அளவைப் பாருங்கள். ஜிமெயிலின் வரம்பு 25 எம்பி. ஆனால் மெயிலில் ஏறும்போது கோப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெருக்கும், ஆக 18, 19 எம்பிக்கு மேல் இணைத்தாலே தட்டும். யாருடைய மெயிலும் வரவில்லை என்றால் கூகுள் தரும் 15 ஜிபி நிரம்பியிருக்கிறதா பாருங்கள். போனிலிருந்து ஏறும் போட்டோக்களுக்கும் சேர்த்துத்தான் அந்த 15.

சரி, காலண்டரில் 'சில வரவே இல்லை' என்றீர்களே. தண்டர்பேர்டில் இடது பக்கம் காலண்டர் பட்டியலைப் பாருங்கள். ஹோம் என்று ஒன்று இருக்கும், அதோடு உங்கள் ஜிமெயில் பெயரில் இன்னொன்று இருக்கும். ஹோம் என்பது அந்த லேப்டாப்புக்குள் மட்டும் இருப்பது. அதில் போட்டது கூகுளுக்குப் போகாது, போனுக்கும் வராது. புதிதாக ஒரு நிகழ்ச்சியைச் சேர்க்கும் ஜன்னலில் எந்தக் காலண்டர் என்று ஒரு வரி வரும். பார்க்காமல் சேமித்தால் சில சமயம் ஹோமிலேயே போய் விழும். சில வந்து சில வராததற்கு இதுதான் காரணம்.

ஹோமில் உள்ளவற்றை நகர்த்த, நேரத்தை மேலே சொன்னபடி திருத்திய பிறகு, ஹோமை ரைட் கிளிக் செய்து ஏற்றுமதி செய்யுங்கள். ஐசிஎஸ் என்று முடியும் ஒரு கோப்பு கிடைக்கும். அதை இறக்குமதி செய்யும்போது கூகுள் காலண்டரைத் தேர்ந்தெடுங்கள். நிகழ்ச்சிகள் நூற்றுக்கணக்கில் இருந்து கையால் மணி திருத்த முடியாது என்றால் வேறு வழி உண்டு. அந்த ஐசிஎஸ் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு, டெக்ஸ்ட் எடிட்டரில் திறக்கும். மணி திருத்தாத நிலையில் ஏற்றுமதி செய்து, அதில் துபாய் மண்டலத்தின் பெயர் வரும் இடமெல்லாம் கொல்கத்தா மண்டலத்தின் பெயரையும், +0400 வரும் இடமெல்லாம் +0530-ஐயும் மொத்தமாக மாற்றிவிட்டால் 11 மணி 11 மணியாகவே வரும். ஆனால் காக்காவின் அழைப்புகள் அந்தக் கோப்பில் இருந்தால் அவையும் மாறிவிடும், அவை ஏற்கெனவே சரியானவை. அவற்றை முதலில் தனியே எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள். எல்லாம் கூகுளில் வந்துவிட்டதை போனில் பார்த்து உறுதி செய்த பிறகு ஹோம் காலண்டரை அணைத்து வையுங்கள். கண்ணில் படாமல் இருந்தால் தவறி அதில் போட மாட்டீர்கள்.

கூகுள் காலண்டரைப் புதிதாக இணைப்பவர்கள், புதிய காலண்டர், நெட்வொர்க்கில் உள்ளது என்று தேர்ந்தெடுத்து ஜிமெயில் முகவரியைக் கொடுத்தால் போதும். கால்டேவ் என்ற முறையில் உங்கள் காலண்டர்களை அதுவே தேடிப் பட்டியலிடும். கூகுள் கொடுக்கும் ரகசிய ஐசிஎஸ் முகவரியை ஒட்டிச் சேர்ப்பவர்களும் உண்டு. அதில் படிக்க மட்டும்தான் முடியும், எழுத முடியாது. 'சேர்த்தேன், ஆனால் புதிதாகப் போட முடியவில்லை' என்பவர்கள் பெரும்பாலும் இந்த வழியில் போனவர்கள். அப்புறம், மாற்றங்கள் உடனே வராது. காலண்டரின் பண்புகளில் எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிப்பது என்று இருக்கும். பொதுவாக 30. அதை 5 ஆக்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் தொழிலுக்குக் காலண்டர் உண்மையில் உதவ வேண்டுமென்றால் இரண்டை இன்றே போடலாம். ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று கடலுக்குப் போய் மறுநாள் கரை திரும்பும். அந்த மறுநாள்கள்தான் உங்களுக்கு ஓட்டமான நாள்கள். திரும்ப வரும் நிகழ்ச்சி என்று போய், வாரம் என்று தேர்ந்தெடுத்து, செவ்வாய், வியாழன், ஞாயிறு மூன்றையும் டிக் செய்தால் ஒரே நிகழ்ச்சியில் முடிந்துவிடும். மூன்று தனி நிகழ்ச்சி வேண்டாம். எது வரை என்ற இடத்தில் ஏப்ரல் 14 போடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதை முழுநாள் நிகழ்ச்சியாக, வருஷா வருஷம் திரும்ப வருவதாக வைத்து, 15 நாள் முன்னால் ஒரு நினைவூட்டலும் வைத்துவிட்டால் வெளிநாட்டு வாங்குபவருக்குச் சரக்கு நிற்கும் என்று முன்கூட்டியே எழுதலாம். தண்டர்பேர்ட் திறந்திருந்தால்தான் அதன் நினைவூட்டல் அடிக்கும். போனில் வருவதையே நம்புங்கள்.

எவல்யூஷனுக்கு மாறலாமா என்றால், அது நல்ல மென்பொருள். லினக்ஸில் க்னோம் என்ற திரைச் சூழலில் வேலை செய்பவர்கள், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வர் வைத்திருக்கும் பெரிய ஆபீசில் இருப்பவர்கள் தயங்காமல் பயன்படுத்தலாம். அங்கே வரும் பொதுவான தொல்லை சாவிக்கொத்து, அதாவது பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் பெட்டி. பாஸ்வேர்ட் இல்லாமல் தானாக லாகின் ஆகும்படி கணினியை வைத்திருந்தால், மெயிலைத் திறக்கும்போது சாவிக்கொத்தின் பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டே இருக்கும். கேடிஇ என்ற இன்னொரு திரைச் சூழலைப் பயன்படுத்துபவர்களுக்கு கேமெயில் இருக்கிறது. அதன் பின்னால் ஓடி மெயிலைச் சேமித்துத் தரும் அகோனாடி சிக்கிக்கொண்டால் வெளியே எடுப்பது பொறுமைக்குச் சோதனை. உங்களுக்கு மாற வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. கடிகாரம் துபாயிலேயே நின்றால் எவல்யூஷனில் 11 மணிக்குப் போட்டதும் போனில் அதே 12:30-க்குத்தான் வரும்.

நீங்கள் இன்னும் கேட்காத, ஆனால் வரப்போகிற ஒன்று. வாடைக்காலத்தில் கரண்ட் போகும். பழைய லேப்டாப்பின் பேட்டரி தாங்காது. திரும்பப் போட்டால் சில சமயம் 'தண்டர்பேர்ட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, பதில் இல்லை' என்று நிற்கும். ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். அப்படியும் நின்றால் சிஸ்டம் மானிட்டரில் தண்டர்பேர்ட் உண்மையிலேயே ஓடவில்லை என்று பார்த்துக்கொண்டு, புரொஃபைல் ஃபோல்டரைத் திறந்து, கன்ட்ரோலும் ஹெச்சும் அழுத்தி மறைந்த கோப்புகளைக் காட்டச் செய்து, லாக் என்ற கோப்பையும் புள்ளியோடு தொடங்கும் பேரன்ட்லாக் என்ற கோப்பையும் மட்டும் நீக்குங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். ஒரு ஃபோல்டரில் மெயில்கள் காணவில்லை அல்லது தலைப்பு ஒன்று, உள்ளே வேறு ஒன்று என்று வந்தால் அந்த ஃபோல்டரின் பண்புகளில் ரிப்பேர் ஃபோல்டர் என்ற பட்டன் உண்டு. மெயிலைத் தொடாமல் பட்டியலை மட்டும் புதிதாகக் கட்டும்.

உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வைத்திருக்கும் நண்பர்களுக்கு: 24.04-க்கு மாறியதும் மெயில் எல்லாம் காணவில்லை, புதுக் கணக்கு கேட்கிறது என்றால் எதுவும் அழியவில்லை. அந்தப் பதிப்பிலிருந்து தண்டர்பேர்ட் ஸ்னாப் என்ற தனிப் பொதி வடிவில் வருகிறது, புரொஃபைலை வேறு இடத்தில் தேடுகிறது. உங்கள் பழையது வீட்டு ஃபோல்டரில் புள்ளியோடு தொடங்கும் தண்டர்பேர்ட் ஃபோல்டரில் இருக்கிறதா பாருங்கள். அங்கே இருந்தால் அதைப் புது இடத்துக்கு நகலெடுத்தால் வந்துவிடும். மின்ட்டில் இந்தத் தொல்லை இல்லை.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு, ஒரு ஓய்வான நாளில் ஆபீஸ் கணக்கை ஐமேப்புக்கு மாற்றுங்கள். இருக்கும் பாப் கணக்கை ஐமேப் ஆக்க முடியாது. அதே முகவரியை ஐமேப் முறையில் இரண்டாவது கணக்காகச் சேர்த்து, பழைய மெயில்களைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து அதன் ஃபோல்டர்களில் போட வேண்டும். ஒரே மூச்சில் ஐயாயிரம் மெயிலை இழுக்காதீர்கள், பாதியில் அறும்; முந்நூறு, நானூறாகப் போடுங்கள். அதற்கு முன் டொமைன் நிறுவனத்திடம் சர்வரில் எத்தனை ஜிபி கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஜிபிதான் என்றால் பழையதை லேப்டாப்பின் லோக்கல் ஃபோல்டர்களில் வருஷவாரியாக வைத்துவிட்டு இந்த வருஷத்ததை மட்டும் ஏற்றுங்கள். வெளி டிஸ்க்கில் எடுத்த நகலை இது முடிந்து ஒரு மாதம் வரை அழிக்க வேண்டாம்.

இன்றைக்குச் செய்ய வேண்டிய வரிசை: நகல், கடிகாரம், ஜிமெயில், ஆபீஸின் போகும் வழி, காலண்டர். முடித்ததும் ஆபீஸ் முகவரியிலிருந்து உங்கள் ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்பி, அனுப்புநர் பெயரையும் டேட் வரியில் +0530 இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அப்புறம் கூகுள் காலண்டரில் நாளைக் காலை 11 மணிக்கு ஒரு மீட்டிங் போட்டு காக்காவை அழையுங்கள். உங்கள் போனில் 11:00, அவர் போனில் 9:30 என்று இருக்க வேண்டும். வேறு ஏதாவது மணி காட்டினால், அவர் போனில் தெரிவதையும் உங்கள் லேப்டாப்பில் தெரிவதையும் அப்படியே எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன்.